முதலில் எதைத் தொடங்குவது? கதைக்காத பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள வழிகள்

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்னால் அன்றிரவு வீட்டில் அழுகை. அடுத்த நாள் விடியவே ஆலோசனை தொடங்கிவிடும். பெரியம்மா கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லுவா. ரொறன்ரோவில் இருக்கும் மாமா ஒன்லைனில் ஆள் பிடித்துத் தருகிறேன் என்பார். முன்வீட்டு ரீச்சர், முன்பள்ளியில் விட்டால் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கதைத்துவிடுவான் என்று உறுதியாகச் சொல்லுவா. மாமி மட்டும், "இவன்ர தேப்பனும் நாலு வயசிலதான் வாய் திறந்தவன்" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைப்பா. எல்லாரும் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யக் காசும் இல்லை, நேரமும் இல்லை, பிள்ளையின் உடம்பிலும் அவ்வளவு சக்தி இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, எதை ஒருபோதும் செய்யக்கூடாது என்று ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும்.

நான் அந்த முடிவை எடுத்து ஏழு வருடம் ஆகிறது. ஒருமுறை பிழையாக எடுத்து, பிறகு திருத்திக்கொண்டேன். மகனுக்கு இப்போது பத்து வயது. இன்றும் நீளமாகக் கதைக்கமாட்டான். ஆனால் வேண்டியதைக் கேட்பான், வேண்டாததை மறுப்பான், எங்கே நோகிறது என்று காட்டுவான். அந்த மூன்றும் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் செய்யவேண்டியவை இரண்டு. ஒன்று செவிப்புலன் பரிசோதனை. "கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்பது ஓட்டிசத்திலும் வரும், காது கேளாமையிலும் வரும். அரச வைத்தியசாலையில் பார்த்து எழுதி வாங்குங்கள். மற்றது, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போவது. துண்டு எழுதி மேலே அனுப்பும் வழி அங்கேதான் தொடங்குகிறது. இது எங்கோ ஒரு வீட்டில் அபூர்வமாக வருவது என்று நினைக்கவேண்டாம். 2009 இல் வெளிவந்த ஓர் இலங்கை ஆய்வில், நகரை அண்டிய சமூகம் ஒன்றில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைப் பார்த்தபோது, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது.

கிளினிக்கும் கொழும்புப் பயணமும்

முதலில் எல்லாரும் நினைப்பது பேச்சுச் சிகிச்சையைத்தான். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் காசு இல்லை. அங்கே பிரச்சினை திகதிதான். இந்தத் துறைக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தில்தான் முதலில் தொடங்கியது. தமிழில் வேலை செய்யக்கூடியவர்கள் தொடக்கத்தில் இருந்தே குறைவு. 2022 நெருக்கடிக்குப் பிறகு சுகாதாரத் துறையில் இருந்து பலர் வெளிநாடு போய்விட்டார்கள். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை, சிலவேளை அதற்கும் பிந்தித்தான் முறை வரும். இதைப் பார்த்துவிட்டுத்தான் கொழும்புக்கு ஓடுகிறோம்.

நாங்கள் நாலு மாதம் ஓடினோம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், இரவு பஸ். விடிய வெள்ளவத்தையில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவி, பத்து மணிக்கு அறைக்குள் போனால் பிள்ளை நித்திரை குழம்பி மேசைக்குக் கீழே படுத்திருப்பான். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் அவர்கள் கண்டது எங்கள் பிள்ளையை அல்ல, பயணக் களைப்பை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளை நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் விழித்திருந்தால் கிழமைக்கு 84 மணித்தியாலம். கிழமைக்கு ஒரு தரம் முக்கால் மணித்தியாலம் சிகிச்சை என்றால், அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிகுதி 83 மணித்தியாலமும் அம்மா, அப்பா, அம்மம்மா, சகோதரம், பக்கத்து வீடு. இந்தக் கணக்கு மண்டையில் ஏறிய நாளில்தான் என் கேள்வி மாறியது. பிள்ளைக்கு யார் நல்ல சிகிச்சையாளர் என்று தேடுவதை விட்டு, எங்களுக்கு யார் சொல்லித் தருவார் என்று தேடத் தொடங்கினேன்.

அதற்காகப் பேச்சுச் சிகிச்சையாளர் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மிகவும் தேவை. மாதம் ஒருமுறை கிடைக்கும் அந்த நேரத்தை எப்படிப் பாவிப்பது என்பதே விசயம். "இந்த மாசம் வீட்டில நாங்கள் என்ன செய்யவேணும், எப்பிடிச் செய்யவேணும், ஒருக்கால் செய்து காட்டுங்கோ, பிறகு நான் செய்யிறன், பிழையைச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்றைக் கைப்பேசியில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெரும்பாலான சிகிச்சையாளர்கள் இதைச் சந்தோசமாக ஏற்பார்கள். ஏனென்றால் அறைக்குள் அழும் பிள்ளையைவிட வீட்டு விறாந்தையில் விளையாடும் பிள்ளையின் வீடியோவில் அவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும்.

வீட்டார் பழகும் முறை

இரண்டாவது வழி, பெற்றோரே பயிற்சி எடுத்துப் பிள்ளையோடு பழகும் விதத்தை மாற்றுவது. கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். அதனால்தான் இதை ஒருவரும் "சிகிச்சை" என்று மதிப்பதில்லை. ஆனால் இந்த வழியைத்தான் எங்கள் போன்ற இடங்களில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். தொடக்கம் பிரித்தானியாவில். 152 பிள்ளைகளோடு அங்கே செய்த ஓர் ஆய்வு 2010 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பெற்றோர் பிள்ளையோடு விளையாடும் வீடியோவை அவர்களுக்கே போட்டுக் காட்டி, பிள்ளை விடும் சின்னச் சைகையையும் கண்டு பதில் சொல்லப் பழக்கினார்கள். முடிந்த கையோடு பார்த்தபோது ஓட்டிச அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆறு வருடமளவில் திரும்பவும் பார்த்தபோது, 2016 இல், அந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளில் அறிகுறிகள் குறைவாக இருந்தன.

அதே 2016 இல், இந்த முறையை இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு செய்து பார்த்த முடிவும் வந்தது. அங்கே பயிற்சி கொடுத்தவர்கள் சிறப்பு நிபுணர்கள் அல்லர், பழக்கியெடுத்த சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஒத்துப் பதில் சொல்வது கூடியது. பிள்ளை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. இருவரும் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்திருந்தது. ஆக இது மந்திரம் அல்ல. ஆனால் நிபுணர் குறைந்த, கூட்டுக் குடும்பம் நிறைந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதே போக்கில் பராமரிப்பாளருக்கான பயிற்சி ஒன்றை வகுத்திருக்கிறது: ஒன்பது குழு வகுப்பு, மூன்று வீட்டு வருகை.

வீட்டில் இது எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. என் அம்மா, அவனுக்கு அம்மம்மா, அவன் கண் போகும் திசையைப் பார்த்தே பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவா. பசிக்க முதல் புட்டு, தாகம் வர முதல் தண்ணி. அது அவவின் பாசம். அவன் ஒருநாளும் ஒன்றையும் கேட்கவேண்டி வராததற்கும் அதுதான் காரணம். அவவிடம் போய் "கொடுக்காதேங்கோ" என்று சொன்னால் மனம் உடைந்துவிடும். சிகிச்சையாளர் சொன்ன வழி வேறு. மாரி பிஸ்கட்டை மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தலில் போட்டு அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். அவன் கொண்டுவந்து தந்தால் உடனே திறக்கவேண்டாம். முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பத்துச் செக்கன் பொறுங்கள்.

பத்துச் செக்கன் என்றால் அம்மாவுக்கு விளங்கவில்லை. பிறகு தானே ஒரு அளவு கண்டுபிடித்தா. மனதுக்குள் "நமச்சிவாய" என்று ஆறுதலாக, எழுத்தெழுத்தாக, இரண்டு தரம் சொல்லுவா. முதல் நாள் அவன் போத்தலால் தரையில் அடித்தான். நாலாம் நாள் அவவின் விரலைப் பிடித்து மூடியில் வைத்தான். அவ உடனே "திற" என்று சொல்லித் திறந்தா. கிட்டத்தட்ட ஐந்து கிழமை போய், ஒரு பின்னேரம் போத்தலை நீட்டிக்கொண்டு "தி" என்றான். அம்மா அப்படியே குந்தியிருந்து அழுதா. அது ஒரு எழுத்து. ஆனால் ஒருவரைப் பார்த்து, ஒரு காரணத்துக்காக அவன் சொன்ன முதல் எழுத்து.

இந்த வழியின் குறையையும் சொல்லவேண்டும். களைத்துப்போன அம்மாவின் தலையில் இன்னும் ஒரு சுமை இது. தகப்பன் வெளிநாட்டில், வீட்டில் வேறு இரண்டு சிறுபிள்ளைகள் என்றால், "நீங்களே செய்யுங்கோ" என்று சொல்வது அநியாயம் மாதிரிக் கேட்கும். அதனால்தான் தனியாக ஒரு நேரம் ஒதுக்கவேண்டாம் என்கிறேன். கிணற்றடியில் குளிக்க வார்க்கும்போது, "ஒண்டு... ரெண்டு..." என்று வாளியை உயர்த்தி, மூன்றைச் சொல்லாமல் நிறுத்துங்கள். அவன் ஒரு சத்தமோ பார்வையோ தந்தவுடன் "மூண்டு!" என்று ஊற்றுங்கள். நாளுக்கு ஒருமுறை குளிப்பதுதானே, அதில் எட்டு வாளி. எட்டுத் தரம் கதைத்தாயிற்று.

படம் கொடுத்தால் பேச்சு வராதா?

மூன்றாவது வழி, பேச்சு வரும்வரை காத்திராமல் வேறு ஒரு மொழியைக் கையில் கொடுப்பது: பட அட்டை, சைகை, கைப்பேசிச் செயலி. எங்கள் ஊரில் இதற்குத்தான் எதிர்ப்புக் கூட. "படத்தைக் காட்டிப் பழகினால் பிறகு வாயைத் திறக்கமாட்டான்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். நானும் அதை நம்பி ஒரு வருடத்தை இழந்தேன். இதைப் பற்றி 2006 இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. நம்பத்தக்க ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சுக் குறையவில்லை. 89 வீதமானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடியது, மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை. கூடிய அளவு பெரிதல்ல என்பதும் உண்மைதான். ஆனால் பயப்படக் காரணம் இல்லை.

அட்டையைக் கொடுத்துப் பொருளை வாங்கும் முறையை 1985 இல் அமெரிக்காவின் டெலவெயரில் அன்டி பொண்டியும் லோரி ஃப்ரொஸ்டும் உருவாக்கினார்கள். ஆறு படி. முதற்படியில் பெரியவர்கள் இருவர் வேண்டும்: ஒருவர் முன்னால் பிஸ்கட்டோடு, மற்றவர் பிள்ளைக்குப் பின்னால். பின்னால் இருப்பவர் கதைக்காமல் பிள்ளையின் கையைப் பிடித்து அட்டையை எடுத்துக் கொடுக்கச் செய்வார். "என்ன வேணும்?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் பிள்ளை கேள்விக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். பல வீடுகளில் அட்டை ஒட்டிய பலகை சுவரில் அழகாகத் தொங்குகிறது, அம்மா ஒவ்வொன்றாகக் காட்டி "இது என்ன? இது என்ன?" என்று கேட்கிறா. அது பாடம். அட்டை பிள்ளையின் கையில் இருந்து உங்கள் கைக்கு வரவேண்டும்.

இங்கே தமிழ் வீடுகளுக்கு ஒரு முக்கிய விசயம். நாலாம் படியில், அட்டைகளை வரிசையாக ஒட்டி ஒரு வசனமாக்கும் வசனப் பட்டி வரும். இறக்குமதி செய்த பெட்டிகளில் "வேண்டும்" என்ற அட்டை முன்னுக்கும் பொருளின் அட்டை பின்னுக்கும் இருக்கும், ஏனென்றால் ஆங்கிலம் அப்படி. அதை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டினால் பிள்ளை கையில் ஒரு வரிசையும் காதில் வேறு வரிசையுமாகக் குழம்பும். நாங்கள் பிஸ்கட்டை முன்னுக்கும் "வேணும்" என்பதைப் பின்னுக்கும் ஒட்டினோம். "நான்" அட்டை தேவையே இல்லை. "பிஸ்கட் வேணும்" என்றாலே தமிழ் முழுசாகிவிடுகிறது. "தா", "போதும்", "வேண்டாம்", "நோகுது" என்று ஒற்றைச் சொல்லிலேயே ஒரு வசனம் முடிந்துவிடும் எங்கள் மொழி இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையில் ஒரு வரம். "வேண்டாம்" அட்டையை மட்டும் பிந்த விடாதீர்கள். மறுக்க வழி கிடைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அவன் மற்றவர்களைக் கடிப்பது நின்றது.

அட்டைக்கு என்ன செலவு? உங்கள் வீட்டுக் கோப்பை, உங்கள் வீட்டுச் சைக்கிள், உங்கள் வீட்டுக் கிணறு என்று படம் எடுத்து, போட்டோக் கொப்பிக் கடையில் அடித்து லமினேற் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டினால், கொழும்புக்கு ஒருதரம் போய்வரும் பஸ் காசைவிடக் குறைவு. படத்தைத் தொட்டால் சொல்லைச் சொல்லும் செயலி என்றால் சென்னையில் உருவான அவாஸ் போன்றவை இருக்கின்றன. ஆனால் கைப்பேசியில் வரும் தமிழ்க் குரல் இந்தியத் தமிழ். அதனால் அம்மாவின் குரலிலோ அண்ணாவின் குரலிலோ பதிந்து வையுங்கள். அயல் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் குரலுக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். 2014 இல் அமெரிக்க ஆய்வாளர் கொனி கசாரியும் குழுவும் 5 முதல் 8 வயது வரையான, மிகக் குறைவாகக் கதைக்கும் 61 பிள்ளைகளோடு செய்த ஆய்வில், விளையாட்டோடு கூடிய பயிற்சியில் தொடக்கத்தில் இருந்தே குரல் தரும் கருவியைச் சேர்த்தவர்கள் தானாகப் பேசியதில் முன்னுக்கு வந்தார்கள். "ஐந்து வயது தாண்டிவிட்டது, இனி என்ன" என்று கைவிட்ட வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

எச்சரிக்கை ஒன்று. பிரித்தானியாவில் 84 பிள்ளைகள் படித்த வகுப்பறைகளில் இந்த அட்டை முறையைப் பழக்கியபோது பிள்ளைகள் கூடுதலாகக் கேட்கத் தொடங்கினார்கள். பழக்க வந்தவர்கள் போன பிறகு அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. 2007 இல் வந்த முடிவு அது. அட்டை பையில் இருந்தால் போதாது, வாங்கிக்கொள்ள எப்போதும் ஒரு ஆள் வேண்டும். ஆகவே இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் நான் தனித்தனியாகத் தெரிவு செய்யச் சொல்லமாட்டேன். ஒரே கிழமையில் இரண்டையும் தொடங்குங்கள்.

யாரோ உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் சுட்டச் செய்து, பிள்ளை கவிதை எழுதுகிறது என்று காட்டினால் மட்டும் விலகி நில்லுங்கள். அந்த எழுத்து கை பிடித்தவருடையது என்று சோதனைகளில் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலன் சங்கம் 2018 இல் அதை எதிர்த்து அறிக்கையே வெளியிட்டது.

முழுநாள் நிலையங்கள்

நாலாவது வழி, காலையில் விட்டுப் பின்னேரம் எடுக்கும் தனியார் நிலையம். அங்கே செய்வது நடத்தைப் பயிற்சி: சொன்னதைச் செய்தால் பரிசு கொடுத்துப் படிப்படியாகப் பழக்குவது. இதன் வேர் 1987 இல் லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு. கிழமைக்கு 40 மணித்தியாலம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் அளவுக்கு வந்தார்கள் என்றது அது. உலகம் முழுக்க நம்பிக்கையை எழுப்பிய எண் அது. ஆனால் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பு இந்த வகை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்தவை ஐந்துதான், 219 பிள்ளைகள். பலன் இருக்கலாம், ஆனால் சான்று பலவீனம் என்றுதான் முடித்தார்கள். அப்படிப் பயிற்சி பெற்று வளர்ந்தவர்கள் சிலரே பெரியவர்களான பிறகு, தங்களை இயல்பாகத் தெரிய நடிக்கப் பழக்கினார்கள் என்று வேதனையோடு எழுதுகிறார்கள். அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

எல்லா நிலையமும் கூடாது என்பது என் கருத்து அல்ல. விளையாட்டுக்குள் வைத்து, பிள்ளையின் விருப்பத்தைப் பின்பற்றிச் செய்யும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகவேண்டிய தாய்க்கு அந்த ஐந்து மணித்தியாலம் உயிர் மாதிரி. ஆனால் நாங்கள் போன ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், கதவைப் பூட்டிவிட்டு "நீங்கள் வெளியில இருங்கோ, உங்களைக் கண்டால் அழுவான்" என்றார்கள். மூன்று மாதம் அங்கே என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "என்னைப் பார்" என்றால் நாடியைத் தானே உயர்த்திக் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கத்தோடு திரும்பி வந்தான். அதனால் நிலையத்துக்கு என் நிபந்தனை ஒன்றுதான்: உள்ளே இருந்து பார்க்க விடவேண்டும். விடாவிட்டால் எவ்வளவு பெயர் பெற்ற இடமானாலும் வேண்டாம்.

கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவது ஏன் என்றே எனக்கு விளங்குவதில்லை. பெரியவர்களை நேராக முறைத்துப் பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதையாகவும் இருந்ததில்லை. சில பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் வடிவாகக் கேட்கிறார்கள்.

மாமா பிடித்துத் தரும் ஒன்லைன் ஆளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரொறன்ரோ ஒன்பதரை, பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு. ஒருவருக்கு விடியற்காலை, மற்றவருக்கு இரவு. மூன்று வயதுப் பிள்ளையைத் திரைக்கு முன் இருத்திச் செய்வது வீண். பிள்ளை நித்திரையான பிறகு உங்களுக்குச் சொல்லித் தர அவர் சம்மதித்தால், தமிழ் தெரிந்தவரானால், மாமாவின் காசு நல்ல வழியில் போகிறது.

தடுப்பூசி போட்டதால் வந்தது என்பவர்களுக்கு: அப்படிச் சொன்ன 1998 ஆம் ஆண்டு ஆய்வை லான்செட் 2010 இல் மீளப்பெற்றது, எழுதிய அன்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயர் அதே வருடம் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டில் இருந்து நீக்கப்பட்டது. உடம்பில் இருந்து உலோகம் எடுக்கும் மருந்து, குருத்தணு ஏற்றல், வெளிற்றும் திரவம் குடிப்பித்தல் எல்லாம் ஆபத்து. வளவை விற்று இவற்றுக்குக் கொடுத்தவர்களை அறிவேன். பேச்சை வரவைக்கும் குளிசை ஒன்றும் இல்லை.

எந்த மொழியில்?

இதை ஒரு வழியென்று எண்ணமுடியாது, ஆனால் எல்லா வழியையும் இது பாதிக்கும். "இரண்டு மொழி குழப்பும், ஆங்கிலத்தில் மட்டும் கதையுங்கோ" என்று ஆலோசனை கிடைத்த குடும்பங்கள் நிறைய. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஓட்டிசப் பிள்ளைகளைப் பின்தள்ளுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராத வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்றால், பிள்ளையோடு கதைக்கக்கூடிய மிகப் பொறுமையான ஆளை வாயடைத்துவிடுகிறோம். பிள்ளை யூடியூபில் இருந்து ஆங்கிலம் பொறுக்கி வந்தாலும் அதைத் தடுக்கவேண்டாம். அதற்குத் தமிழில் பதில் சொல்லுங்கள்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளைகளுக்கும் இங்கே ஒரு சொல். என் மகன் தாகம் வந்தால் வந்து நின்று "தண்ணி வேணுமோ?" என்பான். அது கிளிப்பிள்ளைப் பேச்சு அல்ல. தண்ணி வரும்போதெல்லாம் அவன் கேட்ட வசனம் அதுதான், அதையே கொண்டுவந்து தருகிறான். பேச்சுத் துறை ஆய்வாளர் பரி பிரிசன்ட் 1981 இலேயே இப்படித் திருப்பிச் சொல்வதற்குப் பல நோக்கங்கள் உண்டு என்று எடுத்துக் காட்டியிருக்கிறார். திருத்தவேண்டியது எங்களைத்தான். கேள்வியைக் குறைத்து, அவன் சொல்லவேண்டிய விதத்திலேயே "தண்ணி வேணும்" என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினோம். ஒரு மாரிகாலம் முடிய அந்த "ஓ" விழுந்துவிட்டது.

பள்ளிக்கூடமும் கூட்டாளிகளும்

ஐந்து வயதில் அடுத்த முடிவு வரும்: கோண்டாவில் சிவபூமி போன்ற விசேட பாடசாலையா, சாதாரண பாடசாலைக்குள் இருக்கும் விசேட கல்வி அலகா, நேரே வகுப்பறையா. வலுக்குறைந்தவர்களுக்குக் கல்வி நிலையத்தில் பாரபட்சம் காட்டக்கூடாது என்பது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். அதிபர் முன்னால் இதைப் பணிவாக நினைவூட்டலாம். தன் தேவைகளைத் தானே பார்க்க இன்னும் பழகாத, கூட்டத்தில் நடுங்கும் பிள்ளைக்கு விசேட பாடசாலையின் அமைதியும் பழகிய ரீச்சர்மாரும் பெரிய ஆறுதல். கொஞ்சமாவது கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு நான் சாதாரண பாடசாலையின் அலகைத்தான் தெரிவு செய்வேன், இடைவேளையை எல்லாரோடும் கழிக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக.

நன்றாகக் கதைக்கும், ஆனால் 750 ஆம் இலக்க பஸ் நிற்கும் இடங்களைத் தவிர வேறொன்றும் கதைக்காத பிள்ளைகளுக்கு ஊரில் "சமூகத்திறன் வகுப்பு" என்று ரியூசன் மாதிரி வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். 2012 இல் கசாரி குழு 60 பிள்ளைகளோடு ஒப்பிட்டது: ஓட்டிசப் பிள்ளைக்குத் தனியாகப் பழக்குவதா, வகுப்புக் கூட்டாளிகளுக்குப் பழக்குவதா? கூட்டாளிகளுக்குப் பழக்கியபோதுதான் அந்தப் பிள்ளை வகுப்பின் நட்பு வட்டத்துக்குள் கூடுதலாக வந்தது. ஓட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் அதே வருடம் எழுதியதும் இதோடு சேரும்: விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு எங்களை விளங்காத அளவுக்கு எங்களுக்கும் அவர்களை விளங்குவதில்லை. எங்கள் பள்ளியில் ரீச்சர் செய்தது மிகச் சின்ன வேலை. மூன்று பெடியன்களைக் கூப்பிட்டு, "அவன் அட்டையைத் தந்தா வாங்குங்கோ, அவன்ர பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கோ, சட்டையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னா. அதில் ஒருவன் இப்போதும் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறான். இருவரும் கதைப்பது குறைவு. சைக்கிள் சில்லைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஊர்க் காரியங்களில் இருந்து பிள்ளையை ஒளித்து வைக்கவும் வேண்டாம், கட்டி இழுக்கவும் வேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதில் தேரன்றுதான் கொண்டுபோகவேண்டும் என்று முருகன் கேட்கவில்லை. போகும் இடத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கதையாகக் காட்டும் சமூகக் கதை முறையில் (அமெரிக்க ஆசிரியை காரல் கிரே 1991 அளவில் தொடங்கியது), கோயில் வீதி, செருப்பு விடும் இடம், மணிச் சத்தம், ஐஸ்கிரீம் கடை என்று கைப்பேசியில் படம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் சேர்த்து ஒரு கிழமை காட்டினோம். பிறகு கொடியேறிய அடுத்த நாள், விடியற்காலைப் பூசைக்கு, காது மூடியோடு போனோம். இருபது நிமிடம். அடுத்த வருடம் நாற்பது.

இந்த வருடம் புலமைப்பரிசில் வகுப்பு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு இரண்டு பாடசாலைகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் விசேட கல்வி அலகுக்கு நல்ல கட்டடம். மற்றதில் அலகு என்று ஒரு பழைய அறைதான், ஆனால் அந்தச் சனிக்கிழமைப் பெடியன் அங்கேதான் போகிறான். வருகிற செவ்வாய் இரண்டு இடத்துக்கும் போகிறேன். அதிபரிடம் இடைவேளை நேரத்தைத்தான் கேட்டிருக்கிறேன், மணி அடித்த பிறகு அந்த அலகுப் பிள்ளைகள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்க்க.